வாடகைக்குப் போகாத ஜிப்பா

ராயபுரத்தில் நாற்பது வீட்டு அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டிருந்த வரலட்சுமிக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. துணி மேல் உண்டு. மனிதன் வாய் என்ன வேண்டுமானாலும் அளக்கும், அவன் போட்டுக் கழற்றிய சட்டை அளக்காது என்பது அவள் கட்சி. துறைமுகத்தில் குமாஸ்தா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் உண்மையில் கரி மூட்டை தூக்குகிறவர் என்பது அவளுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கார்த்திகை மாசம் பூராவும் விரதம் என்று நெற்றி நிறைய விபூதியோடு திரிந்த பெரியவரின் வேட்டியில் கோழிக்குழம்பு இருந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் மூட்டை வராது.

அவள் பெயர் எடுத்திருந்தது இன்னொரு விஷயத்தில். அந்தக் காலத்தில் சலவைக்கு வந்த துணியை ஒரு நாள் இரவல் விடுவது ஊரறிந்த சங்கதி. பெண் பார்க்கப் போகிறவன், ஸ்டூடியோவில் போட்டோ பிடித்துக்கொள்ளப் போகிறவன், சினிமாக் கம்பெனியில் கும்பலோடு கும்பலாக நிற்கப் போகிறவன் எல்லாருக்கும் ஒரு நல்ல சட்டை வேண்டும். சலவைக்காரனுக்கு நாலு காசு வாடகை கிடைக்கும். துணிக்குச் சொந்தக்காரர் தன் பட்டுச் சட்டையைத் தெருவில் எவன் முதுகிலோ பார்த்துவிட்டு வாயடைத்து நின்ற கதைகள் வண்ணாரப்பேட்டையில் ஏராளம். வரலட்சுமி அந்த வேலைக்கு ஒரு நாளும் போனதில்லை. அதனால்தான் கல்யாணப் பட்டைக்கூட நம்பி அவளிடம் போட்டார்கள். ஊரையே நம்பாத ஒருத்தியை ஊர் நம்பியது. அந்த நம்பிக்கைதான் அவள் வீட்டு அடுப்பில் உலை வைத்தது.

அவள் புருஷன் செல்வம் நல்ல உழைப்பாளி. தோய்ப்பதும் பெட்டி போடுவதும் அவன் வேலை. துணி எடுப்பது, குறி போடுவது, பிரிப்பது, கொண்டுபோய்க் கொடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு ஒரு குறி. சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அந்தச் சாற்றில் புள்ளியும் கோடும் வளையமுமாக இழுத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் துணி கிழிந்தாலும் குறி போகாது. எந்தக் குறி எந்த வீடு என்பது எந்த ஏட்டிலும் இல்லை, அவள் மண்டையில் மட்டும்தான். செல்வத்துக்கு அது ஏறவில்லை. அவன் மண்டையில் வேறு ஆள் குடியிருந்தார்.

அந்த ஆள் நடிகர் புவனேந்திரன். அவர் நடித்த படம் எதையும் செல்வம் ஏழு தடவைக்குக் குறைந்து பார்த்ததில்லை. அவர் மீசையை மெலிதாக்கினால் இவனும் மெலிதாக்குவான். அவர் குடிப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்த காப்பிப்பொடியை வாங்கி வந்து, வீட்டில் பால் இல்லாமல் கறுப்பாகவே குடித்தான். இத்தனைக்கும் அவர் இவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தவரில்லை. “அந்தாளு அந்தப் பொடியைக் குடிச்சதை நீ பார்த்தியா?” என்று வரலட்சுமி கேட்டால், “உனுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மே!” என்று எழுந்து போய்விடுவான்.

நாற்பது வீட்டில் ஒன்று ஞானபாக்கியத்தின் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்மணி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயிலுக்குப் பின்னால் சந்தில் தனியாக இருந்தார். வாரத்துக்கு வெள்ளைப் புடவை நாலு, ரவிக்கை நாலு, விரிப்பு இரண்டு, அவ்வளவுதான் மூட்டை. ஐம்பத்திரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்து, அந்த மூட்டைக்குள் ஆண் துணி வர ஆரம்பித்தது. சன்னமான மல் ஜிப்பா. ராயபுரத்தில் எவனும் அப்படிப் போடுவதில்லை. எந்தக் குறியும் இல்லாத புதுத் துணி. கூடவே அரை டஜன் கைக்குட்டை.

‘தனியா இருக்கிற பொம்பளை வூட்ல எவன்டா இது?’ என்றுதான் வரலட்சுமிக்கும் முதலில் தோன்றியது. உங்களுக்கும் எனக்கும் தோன்றுவதுதானே. ஆனால் கைக்குட்டையை விரித்துப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. உப்புத் தண்ணீரில் அலசித்தான் போட்டிருந்தார்கள், ஆனாலும் ஓரத்தில் துருப்பிடித்த மாதிரி கறை நின்றது. மருந்து நெடி வேறு. அது என்ன கறை என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவள் தம்பி கொருக்குப்பேட்டையில் அப்படித்தான் இருமி இருமிப் போய்ச் சேர்ந்தான்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. சயரோகக்காரன் துணியை ஒரு வார்த்தை சொல்லாமல் போடலாமா? நேரே போய்க் கேட்டுவிடலாம் என்று சந்து முனை வரைக்கும் நடந்தாள். அங்கே நின்று யோசித்தாள். கேட்டால் பேச்சு வளரும், நாலு காதில் விழும், வரலட்சுமி வெள்ளாவியில் டி.பி. துணி வேகிறது என்று ஊரில் கிளம்பும். அப்புறம் நாற்பது வீடும் நாலே நாளில் காலி. திரும்பி வந்து அந்தத் துணிகளுக்கென்று தனிப் பானை வைத்தாள், தனியாகக் கொதிக்கவிட்டாள், செல்வத்தைத் தொடவிடவில்லை. நர்சம்மா ஊசி போட்டு யாரையோ மறைவாகக் காப்பாற்றுகிறார், அது யாராக இருந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டாள். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக் குறிதான் என்ற தொழில் வழக்கப்படி, ஜிப்பாவின் கழுத்து உள்பக்கத்தில் நர்சம்மா வீட்டுக் குறியைப் போட்டாள். ஒரு கோடு, தலையில் வளையம், பக்கத்தில் இரண்டு புள்ளி. வேறு எவளாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

சித்திரை மாசம் ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயர விளம்பரம் ஒட்டினார்கள். ‘என் வெண்மைக்குக் காரணம் முத்தொளி சோப்பு’ என்று கொட்டை எழுத்து. புவனேந்திரன் இரண்டு கையாலும் ஒரு வெள்ளை ஜிப்பாவை விரித்துப் பிடித்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பக்கம் இந்தப் பக்கமாக மடிந்திருந்தது. அதில் ஒரு கோடு, தலையில் வளையம், பக்கத்தில் இரண்டு புள்ளி. படம் எழுதினவன் அது என்ன ஏது என்று தெரியாமல் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டிருந்தான். குறி ஒரு தட்டு அகலத்துக்கு இருந்தது.

தலையில் மூட்டையோடு வந்த வரலட்சுமி கிட்டே போய் அந்தக் குறியை இரண்டு தடவை பார்த்தாள். ஜிப்பா யாருடையது என்று அவள் கேட்காமல் விட்ட கேள்விக்குச் சுவரே பதில் சொல்லிவிட்டது. சோப்பு விற்பதற்காகச் சிரிக்கிற இந்த மனிதர்தான் கைக்குட்டைக்காரர்.

செல்வமும் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். “ஏமே! அது நம்ம மார்க்கு!”

“உன் கண்ணு இன்னா அவிஞ்சு பூட்ச்சா? அது வேற எவனுதோ.”

“உன் கைய்யி எனக்குத் தெர்யாதா? வளையத்தை நீதான் அப்டி இழுப்பே. எந்த வூட்டுதுமே அது?”

“தெர்யாது போய்யா.”

அவள் தெரியாது என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, பெருமைதான் வந்தது. டீக்கடைக்குப் போனான். புவனேந்திரன் ஜிப்பாவைத் தோய்த்தது இந்தக் கைதான் என்று நீட்டி நீட்டிக் காட்டினான். அந்தக் கை அந்த ஜிப்பாவைத் தொட்டதே இல்லை என்பது அவனுக்கு எங்கே தெரியும்?

மூன்றாம் நாள் வாசலில் ஒருவன் வந்து நின்றான். பெயர் வெள்ளத்துரை, முத்தொளி சோப்புக் கம்பெனியாம். கையில் ஒரு பெட்டி சோப்பு.

“நம்ம நடிகர் துணி எந்த வீட்டிலிருந்து வருதும்மா? அந்த வீட்டுக்குக் கம்பெனி ஒரு பரிசு குடுக்கப் போகுது. உங்களுக்கும் இந்தப் பெட்டி.”

வரலட்சுமி சோப்பைப் பார்க்கவில்லை, அவன் சட்டையைப் பார்த்தாள். காலரில் ஒரு வாரத்து அழுக்கு. வலது கைப்பட்டையில் அச்சு மை. ‘சோப்புக் கம்பெனிக்காரனாம்! இவன் சட்டை சோப்பைக் கண்ணால பார்த்தே எத்தனை நாளாச்சோ’ என்று நினைத்துக்கொண்டாள். அப்போது ஊரில் மஞ்சள் பத்திரிகைகள் கொடிகட்டிப் பறந்த நேரம். எந்த நடிகர் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார் என்பதுதான் அவர்களுக்குச் சோறு. இவன் அந்த ஜாதி.

“எங்க மார்க்கு இல்ல நைனா அது. என் வூட்டுக்காரன் சும்மா உதார் உடுது.”

“அப்படியாம்மா? பரவாயில்லை. உங்க வாடிக்கை வீடுகளை நானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கிறேன்” என்று சிரித்தான்.

அவன் சொன்னபடியே கிளம்பினான். ‘கம்பெனி பரீட்சை’ என்று சொல்லி வீட்டுக்கு ஒரு சோப்பு கொடுத்தான். சும்மா சொல்லக்கூடாது, ராயபுரத்து ஜனங்கள் ஒரு சோப்புக் கட்டிக்குத் தங்கள் துணிப்பெட்டியைத் திறந்து, முன்பின் தெரியாதவனிடம் உள்பாவாடை வரைக்கும் விரித்துக் காட்டினார்கள். அவரவர் ரகசியத்துக்கு அவரவர் வைத்திருந்த விலை அவ்வளவுதான்.

அவன் சந்துக்கு வந்து சேர இன்னும் நாளாகும். வரலட்சுமிக்கு ஒரு யோசனை ஓடியது. அந்த வாரம் வந்த அத்தனை மூட்டையையும் அவிழ்த்தாள். ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் பழைய குறிக்குப் பக்கத்தில் கோடு, வளையம், இரண்டு புள்ளியையும் சேர்த்துப் போட்டாள். துறைமுகத்துக்காரர் அரைக்கால் சட்டை, கமாலுதீன் ராவுத்தர் கைலி, மாதா கோயில் சாமியார் அங்கி, ஒன்றும் மிச்சமில்லை. நர்சம்மா துணிக்குப் புதிதாக இன்னொரு குறியைப் பக்கத்தில் சேர்த்தாள். இனி அவன் வந்து பார்த்தால் எல்லா வீடும் ஒன்றுதான். விரலெல்லாம் சேராங்கொட்டைப் பால் பட்டுக் கொப்புளித்தது. நர்சம்மா வீட்டில் துணி கொடுக்கும்போது, “மார்க்கு பக்கத்துல இன்னொண்ணு போட்டுகீறேன், எல்லா வூட்டுக்கும்தான்” என்று மட்டும் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட இவள் வாய் துடித்தது. சொன்னால் அந்தம்மா அன்றைக்கே பயந்து செத்துவிடுவார் என்று பேசாமல் வந்துவிட்டாள்.

வெள்ளத்துரை அடுத்த வாரம் போன முதல் வீட்டிலேயே குறியைக் கண்டுபிடித்தான். குதித்தான். இரண்டாவது வீட்டிலும் இருந்தது. ஆறாவது வீட்டில் சாமியார் அங்கியில் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

இத்தோடு முடிந்திருக்கும், ஜனங்கள் சும்மா இருந்திருந்தால். அவன் தேடுவதைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் துணியைப் புரட்டிப் பார்த்தார்கள். புவனேந்திரன் ஜிப்பாவில் இருக்கிற மார்க்கு நம்ம கைலியிலும் கீது! தெருவெல்லாம் இதே பேச்சு. கல்லூரி போகிற பையன்கள் காலரைத் திருப்பிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் புது ஆட்கள் மூட்டையோடு வந்து, “நல்லா தோய்க்காட்டியும் பரவால்ல, அந்த மார்க்கை மட்டும் போட்டுக் குடு” என்றார்கள். செல்வத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பலகை வாங்கி, குறியைப் பெரிதாக எழுதி, கீழே ‘நடிகர் புவனேந்திரன் அவர்களின் சலவை நிலையம்’ என்று போட்டு வாசலில் மாட்டிவிட்டான்.

“கயட்டி கீழ போடுய்யா அதை!” என்று வரலட்சுமி கத்தினாள்.

“வர்ற லச்சுமிய ஒதைக்கிறியே, பேஜாருமே உன்னோட” என்றான். அவன் அவள் பேச்சை மீறியது அந்த ஒரு தடவைதான். நட்சத்திரத்துக்காக மீறினான்.

பலகை மாட்டிப் பத்தாம் நாள் காலையில் ஞானபாக்கியம் வந்தார். அவர் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது. வாசலில் மூட்டையோடு பத்துப் பதினைந்து பேர். பின்னால் சுவரோரம் வெள்ளத்துரை பீடி குடித்துக்கொண்டு நின்றான், அவன் இன்னும் விடவில்லை. நர்சம்மா பலகையைப் பார்த்தார், வரலட்சுமியைப் பார்த்தார். முகம் சிவந்து போயிற்று.

“ஏ வரலட்சுமி, உன்னைய நம்பித்தான துணி போட்டேன். என் வீட்டுத் துணிய வச்சு நீ யாவாரம் பண்ணுதியா? கோடும் வளையமுமா ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டியே! நீ செஞ்ச காரியத்தால அவுக பத்து நாளா வரல. பாதியில நிக்கி எல்லாம். அந்த உசுருக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?”

அழுதுகொண்டே சொன்னார். ஆத்திரத்தில் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டார்.

உனக்காகத்தானே இத்தனையும் செய்தேன் என்று வரலட்சுமிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதைவிட, அவர் வரவில்லை என்ற சொல்தான் குத்தியது. பாதி ஊசியில் நின்றுபோன தன் தம்பியின் முகம் கண் முன்னால் வந்தது. அதற்குள் சுவரோரம் நின்றவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தான்.

“யாரும்மா வரலை? இந்தக் குறி உங்க வீட்டுதா?”

நர்சம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கண்ணில் தெரிந்த பயத்தை வரலட்சுமி பார்த்தாள். இனி யோசிக்க நேரமில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெருமுனை வரை கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

“இன்னா துரை, யாரு வர்லன்னு உனுக்கு இன்னா வேணும்? அந்தம்மா அண்ணன் புள்ள வவுத்து நோவுக்கு மருந்து சாப்ட ஊர்லேர்ந்து வந்துகினு போய்கினு இருந்துச்சு. அது ஜிப்பாவை நான்தான் சினிமாக் கம்பெனி துணிக்காரனுக்கு வாடகைக்கு வுட்டேன். அதைத்தான் உங்க ஆளு படத்துல தூக்கிப் புடிச்சிகினு பல்லைக் காட்றாரு. தன் ஜிப்பா செவுத்துல தொங்கறதைப் பார்த்துட்டு அந்தப் புள்ள கோச்சிகினு மருந்தைப் பாதியில வுட்டுட்டு ஊருக்குப் பூட்ச்சு. மாட்டிக்குவோம்னு பயந்துதான் எல்லா வூட்டுத் துணிக்கும் அதே மார்க்கைப் போட்டேன். போதுமா?”

ஒரு ஓட்டை இல்லாத பொய். கேட்டவர்கள் அத்தனை பேரும் அந்த நிமிஷமே நம்பினார்கள். அவள் ஆயுசில் சொன்ன உண்மை எதையும் அவர்கள் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை.

வெள்ளத்துரை முகம் தொங்கிப் போயிற்று. நடிகருக்கு ரகசிய வீடு இருக்கிறது என்பது செய்தி. சலவைக்காரி துணியை வாடகைக்கு விட்டாள் என்பது எந்த ஊரில் செய்தி?

“மெய்யாலுமாமே?” என்றான் செல்வம்.

“மெய்தான்யா.”

நர்சம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது, கைக்குட்டை முதற்கொண்டு புரிந்துவிட்டது. கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொள்ள நினைத்தவர் மாதிரி ஒரு அடி எடுத்து வைத்தார். வரலட்சுமி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அந்தம்மா கெட்டிக்காரி. நின்ற இடத்திலேயே நின்று, “திருட்டு முண்ட! இனிம எங்க வீட்டு வாசல மிதிக்காத” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். சந்து திரும்பும் வரை முந்தானை அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண் முன்னால் வந்து தன் மூட்டையை எடுத்துக்கொண்டாள். “போன ஆவணில என் பட்டை உன்கிட்டதானே போட்டேன், அதையும் எவளாச்சும் கட்டிகினு போனாளா?” என்று கேட்டாள். அப்புறம் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கமாலுதீன் ராவுத்தர் மட்டும், “நீயா வரலட்சுமி இப்டி?” என்று கேட்டார். அவரும் போய்விட்டார். ஆடி பிறப்பதற்குள் நாற்பது வீடு ஏழாகக் குறைந்தது.

சோப்புக் கம்பெனி வேறு படம் ஒட்டியது. அதிலும் புவனேந்திரன் சிரித்தார். நர்சம்மா வீட்டு மூட்டை நின்றுபோனதால், அந்த நடிகர் மறுபடி வந்து ஊசி போட்டுக்கொண்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வரலட்சுமிக்கு வழியில்லாமல் போயிற்று. சுவரில் சிரிக்கிறவர் நேரில் எப்படி இருக்கிறார் என்பதை அந்தப் படங்களை வைத்து அவள் நம்பத் தயாராயில்லை. ஒவ்வொரு புதுப் படத்தின் முன்னாலும் நின்று, கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பாள். படம் எழுதுகிறவன் அதையெல்லாம் நிரப்பிவிட்டிருப்பான்.

செல்வம் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து தோய்த்த துணிகளைத் தானே மடித்து, எந்தக் குறி எந்த வீடு என்று அவளிடம் கேட்டு, தானே எடுத்துக்கொண்டுபோய் வீடுகளில் கொடுத்தான். எட்டு வருஷம் கழித்துச் சாகிறவரைக்கும், கொடுக்கிற துணி எதையும் அவளைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக அவன் விடவேயில்லை.